சைலன்சர் மீது பழி, இன்ஜினுக்குத் தண்டனை

வெள்ளத்தில் கார் ஓட்டுவதைப் பற்றி நம் ஊரில் ஒரு வேதவாக்கு உண்டு. முதல் கியரில் போடு, ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இரு, நடுவில் காலை எடுத்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறி இன்ஜின் போய்விடும். தப்பித்தவறி வண்டி ஆஃப் ஆகிவிட்டால் தண்ணீர் உள்ளே போவதற்குள் உடனே செல்ஃப் அடி. டாக்சி ஸ்டாண்டிலும் டிரைவிங் ஸ்கூலிலும் இதைத்தான் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரையும் இதுதான். இடுப்பளவு தண்ணீரில் உறுமிக்கொண்டு போகும் காரைப் பார்த்தால் ஓரத்தில் நிற்கிற கூட்டம் கை தட்டுகிறது. பாதியில் நின்றுபோன காரைப் பார்த்தால் "ஓட்டத் தெரியாதவன்" என்கிறது. இந்த அறிவுரையில் பத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. மிச்சம் ஒன்பது பங்கும் இன்ஜினை உடைக்கிற வேலை. வெள்ளத்தில் போன இன்ஜின்களில் பலவற்றைக் கெடுத்தது வெள்ளம் மட்டும் அல்ல, வெள்ளத்துக்கு நடுவே அந்த இன்ஜினை வேகமாகச் சுழற்றிய காலும், நின்ற பிறகு மறுபடி சுழற்றிய கையும் என்பதே என் வாதம்.

திருவண்ணாமலைக்கு இது பொழுதுபோக்கு விவாதம் இல்லை. கார்த்திகை தீபம் வருவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகவும், புதுச்சேரிப் பக்கமிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகவும் கார்கள் வந்து குவியும் அதே வாரங்களில்தான் புயல்களும் கரையேறுகின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த ஆண்டு தீபம் டிசம்பர் 13. இடைப்பட்ட நாட்களில் நடந்தது இந்த மாவட்டம் மறக்கக் கூடியதல்ல. டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மலைச்சரிவு சரிந்து 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். அடுத்த நாள் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையோரம் நின்றிருந்த வேன்களையும் கார்களையும் காகிதக் கப்பலாக இழுத்துப்போனது. அத்தனை பெரிய வெள்ளம் எல்லா ஆண்டும் வராது. ஆனால் மலையிலிருந்து இறங்குகிற ஓடைநீர் செம்மண்ணோடு கிரிவலப் பாதையைக் குறுக்கே கடப்பதும், சுற்று வட்டார தரைப்பாலங்கள் மூழ்குவதும் அரிதான காட்சிகள் அல்ல. அந்தச் சிறிய வெள்ளங்களில்தான் இந்த வேதவாக்கு அதிகம் வேலை செய்கிறது.

முதலில் சைலன்சர் கதையை எடுத்துக்கொள்வோம். சைலன்சர் வாயை 30 சென்டிமீட்டர் தண்ணீர் மூடினால் அது தருகிற எதிரழுத்தம் காற்றழுத்தத்தில் சுமார் மூன்று சதவீதம். எரிந்த வாயு சிலிண்டரை விட்டு வெளியேறத் தொடங்கும்போது அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சில மடங்கு. சும்மா ஐடிலிங்கில் ஓடுகிற இன்ஜின்கூட இந்த மூன்று சதவீதத்தை எளிதாகத் தள்ளிவிடும். பின்னால் குமிழி விட்டுக்கொண்டு ஓடும். அதற்கு ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. சரி, இன்ஜின் நின்றுவிட்டால்? தண்ணீர் சைலன்சருக்குள் போகும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு தூரம் போகும்? வெளியே நிற்கிற மட்டம் வரைக்கும்தான். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு இன்ஜினின் தலைப்பகுதியில், பம்பரைவிட உயரத்தில் இருக்கிறது. அதுவரை தண்ணீர் ஏற வேண்டுமானால் வெளியே பானெட் மூழ்குகிற அளவுக்கு வெள்ளம் நிற்க வேண்டும். அந்த நிலையில் சைலன்சரைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். நடுவழியில் நின்ற காரின் சைலன்சரில் தேங்கிய தண்ணீரால் சென்சாரோ, சூடாக இருந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ கெடலாம். செலவுதான். ஆனால் அது இன்ஜினைப் பிரித்துப் போட்டுச் செய்யும் செலவு இல்லை.

தண்ணீர் உண்மையில் நுழைகிற வழி முன்பக்கம். இன்ஜினுக்குக் காற்று வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால், இன்றைய கார்களில் அதை இழுக்கும் குழாயின் வாயைப் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட்டுக்கு அருகிலோ வைக்கிறார்கள். சில மாடல்களில் அது இன்னும் கீழே, வீல் ஆர்ச்சை ஒட்டியும் இருக்கும். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை 3000 சுற்றில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1800 லிட்டர் காற்றை இழுக்கும். வினாடிக்கு 30 லிட்டர். ஐடிலிங்கில் இதில் ஒரு சிறு பங்குதான். அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, புகை வெளியே போகும் வழியில் நாம் எதையும் பெரிதாகச் சாதிக்கவில்லை. உள்ளே வரும் வழியில் உறிஞ்சலைப் பல மடங்காக்குகிறோம். கூடவே வேகமும் ஏறும். வேகம் ஏறினால் காருக்கு முன்னால் அலை எழும்பும். முழங்காலளவுத் தண்ணீர் கிரில் உயரத்துக்கு வந்துவிடும். எதிரே ஒரு பஸ் போனால் அதன் அலையும் சேரும். ரேடியேட்டர் ஃபேன் அந்தத் தண்ணீரை அள்ளி பானெட்டுக்குள் நாலாபக்கமும் வீசும். கரையில் நின்று ஆழத்தைக் கண்ணால் அளந்தவர் கணக்கில் இவற்றில் ஒன்றுகூட வராது.

எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து? இங்கேதான் பொதுப்புத்தி மிக மோசமாகத் தவறுகிறது; ஏதோ குடம் குடமாக ஏற வேண்டும் என்று நினைக்கிறார்கள். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. அழுத்த விகிதம் 10 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி. 1.5 லிட்டர் டீசலில் விகிதம் 16 என்றால் மிஞ்சுவது வெறும் 25 மில்லி. இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியால் அளந்தால் பெட்ரோலுக்கு மூன்றரை மூடி, டீசலுக்கு இரண்டரை மூடி. அதற்கு மேல் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் இருந்தால் பிஸ்டன் மேலே வர இடம் இல்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுப்பது கனெக்டிங் ராடு. மெக்கானிக்குகள் "ராடு பெண்ட்" என்று சொல்வது இதைத்தான். காப்பீட்டுக்காரர்கள் ஹைட்ரோஸ்டேட்டிக் லாக் என்று எழுதுவார்கள்.

இந்த இடத்தில்தான் ஆக்ஸிலேட்டர் வாதம் முற்றிலும் கவிழ்கிறது. சுழல்கிற ஃபிளைவீலின் ஆற்றல் சுற்றெண்ணிக்கையின் இருமடியாக ஏறும். 800 சுற்றில் ஓடும் இன்ஜினைக் காட்டிலும் 3000 சுற்றில் ஓடுவதில் 14 மடங்கு ஆற்றல். அந்த மூன்றரை மூடித் தண்ணீர் ஐடிலிங்கில் உள்ளே போனால் பல சமயம் இன்ஜின் டக்கென்று நின்றுவிடும். ராடு தப்பிக்க வாய்ப்பு உண்டு. அதே தண்ணீர் உறுமிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குள் போனால், நூறில் ஒரு வினாடிக்குள் மேலே வந்துவிடும் பிஸ்டனின் பின்னால் 14 மடங்கு உதை நிற்கிறது. அப்போது ராடு வளையும், சில நேரம் ஒடிந்து பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நின்றுபோவதைக் கேவலமாகவும் உறுமிப் போவதைத் திறமையாகவும் பார்க்கிற கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியலாம். சீக்கிரமாக நின்ற இன்ஜின்தான் பெரும்பாலும் மிச்சப்பட்ட இன்ஜின்.

"அப்படியானால் இத்தனை வருடம் அனுபவப்பட்ட டிரைவர்கள் பொய்யா சொல்கிறார்கள்?" என்று கேட்கலாம். பொய் இல்லை, அது வேறொரு வண்டிக்குச் சொன்ன உண்மை. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் கார்புரேட்டர் இன்ஜின், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர் எல்லாம் திறந்தவெளியில் கிடந்தன. தண்ணீர் தெறித்தாலே ஸ்பார்க் போய்விடும். இன்ஜின் தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே நின்றுவிடும். அழுத்த விகிதமும் இன்றைய இன்ஜின்களைவிடக் குறைவு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து மறுபடி செல்ஃப் அடித்தால் வண்டி கிளம்பியது. தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் கிளம்பியது. நின்றுவிடாமல் ஓட்டு, நின்றால் மறுபடி கிளப்பு என்ற இரண்டு விதிகளும் அந்த வண்டிக்குப் பொருந்தின. இன்றைய காரில் ஸ்பார்க் அவ்வளவு எளிதில் நனைவதில்லை. ஆகவே அது தண்ணீரைக் குடிக்கும் கணம் வரை ஓடும். டீசலுக்கு ஸ்பார்க்கே கிடையாது. காற்றும் எரிபொருளும் கிடைக்கிறவரை அது ஓடிக்கொண்டே இருக்கும். "டீசல் வண்டி தண்ணீரைத் தாங்கும்" என்று பெருமையாகச் சொல்வதன் பின்னணி இவ்வளவுதான். தாங்குவதாகத் தெரிவது, எச்சரித்து நிற்கத் தெரியாத குணம். அதன் சிலிண்டரில் இடமும் குறைவு, அழுத்தமும் அதிகம் என்பதால் முடிவு இன்னும் மோசமாக இருக்கும்.

லாரியும் டிராக்டரும் போகிறதே என்பது அடுத்த கேள்வி. போகும். லாரியின் காற்றுக்குழாய் பெரும்பாலும் கேபினின் பின்புறம் கூரை உயரத்தை ஒட்டி நிற்கிறது. டிராக்டரில் ஏர் கிளீனரின் குப்பி பானெட்டுக்கு மேலேயே எட்டிப் பார்க்கிறது. அவை தண்ணீரைக் கடப்பது டிரைவரின் காலால் அல்ல, அந்தக் குழாயின் உயரத்தால். இதே காரணத்தால் எஸ்யூவி உரிமையாளர்களின் தன்னம்பிக்கையும் ஆட்டம் காண வேண்டும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி வேறு, வண்டி இறங்கக்கூடிய நீராழம் வேறு. மஹிந்திரா தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900. காடுமேட்டுக்கென்றே செய்த வண்டிகளுக்கே எல்லை இதுதான் என்றால், உயரமாகத் தெரிகிற நகர எஸ்யூவிகளை எந்த நம்பிக்கையில் இறக்குகிறார்கள்? அந்த 650 என்பதும் நிதானமாக, அலை எழுப்பாமல் போனால் கிடைக்கும் எண். முதல் கியர், சீரான வேகம், நடுவில் கியர் மாற்றாமை என்று வேதவாக்கில் உள்ள அந்தப் பத்தில் ஒரு பங்கு உண்மை இங்கேதான் இருக்கிறது: ஆழம் தெரிந்த, எல்லைக்குட்பட்ட, ஓடாத தண்ணீரில், நடக்கும் வேகத்தில். கிளட்சைப் பாதி மிதித்து இன்ஜினைக் கதறவிடுவது அதில் சேராது.

ஆழம் தெரிந்த என்று சொன்னேன். அதுதான் இந்த மாவட்டத்தில் அநேகமாக யாருக்கும் தெரிவதில்லை. சேற்றுநீருக்கு அடியில் சாலை இருக்கிறதா என்பதே கேள்வி. தண்டராம்பட்டு பக்கம் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையில் 2024 செப்டம்பரில் திறந்த உயர்மட்டப் பாலமே டிசம்பர் வெள்ளத்தில் போயிற்று. தரைப்பாலத்தின் கதை என்னவாக இருக்கும்? ஓடுகிற தண்ணீர் என்றால் இன்ஜின் பேச்சே பிறகுதான். 12 அங்குலம் ஓடும் நீர் பெரும்பாலான கார்களையும், இரண்டடி நீர் எஸ்யூவிகளையும் அடித்துக்கொண்டு போகும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. கார் என்பது ஓரளவு காற்றுப்புகாத பெட்டி, மிதக்கும். ஊத்தங்கரையில் போன வண்டிகளை யாரும் ஓட்டவில்லை என்பதை நினைவில் வைத்தால் போதும். இனி எல்லாம் மின்சாரக் கார், அதற்குக் காற்றுக்குழாயே இல்லை என்பவர்களுக்கும் இதே பதில். பேட்டரிக்கு ஐபி67 தரம் இருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும்படி சோதித்திருப்பார்கள். மிதந்து போகும் காருக்கு அதனால் என்ன லாபம்?

"நான் பலமுறை கடந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது எதிர்வாதங்களில் மிகப் பலமானதாகத் தோன்றும். சோதித்தால் மிகப் பலவீனமானது. கடந்துபோனவர் கதை சொல்கிறார். கடக்காதவரின் கார் ஷெட்டில் நிற்கிறது. அதுவும் தவிர, கடந்துபோனது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? டர்போ இன்ஜின்களில் இன்டர்கூலர் பெரும்பாலும் முன்பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. இழுத்த தண்ணீர் அதிலும் குழாய் வளைவுகளிலும் தேங்கி நின்றுகொள்ளும். வெள்ளத்தைத் தாண்டி மேட்டில் ஏறி, தைரியமாக ஆக்ஸிலேட்டரை மிதித்த நேரத்தில் அது சிலிண்டருக்குள் போகும். தண்ணீரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் வந்த பிறகு வண்டி நின்றது, ஆகவே தண்ணீர் காரணமல்ல என்று வாதிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. லேசாக வளைந்த ராடு இன்னும் வஞ்சகமானது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும். கொஞ்சம் அதிர்வு, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, அவ்வளவுதான். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து நெடுஞ்சாலையில் ராடு ஒடியும்போது யாரும் அதைப் பழைய மழையோடு முடிச்சுப்போட மாட்டார்கள்.

நின்ற வண்டியை உடனே கிளப்பு என்ற பாதிக்கு வருவோம். நின்ற இன்ஜினின் ஏதோ ஒரு சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம், மற்றவற்றில் இல்லாமல் இருக்கலாம். செல்ஃப் அடித்தால் காய்ந்த சிலிண்டர் பற்றிக்கொள்ளும். அந்த வெடிப்பின் முழு வலுவும் தண்ணீர் நிற்கிற பக்கத்துச் சிலிண்டரின் ராடு மீது இறங்கும். கியரில் போட்டுத் தள்ளினாலும், கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்தாலும் இதேதான். வண்டியின் மொத்த எடையும் ராடை வளைக்க உதவிக்கு வருகிறது. செய்ய வேண்டியது சலிப்பூட்டும் வேலை. பேட்டரி முனையைக் கழற்ற வேண்டும், ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் பெட்ரோலில் பிளக்கையும் டீசலில் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்கையோ கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் ஒரு முறைக்கு இரு முறை மாற்ற வேண்டும். பிறகு கம்ப்ரஷன் சோதனை. இதைத் தள்ளிப்போடவும் முடியாது. சிலிண்டர் சுவரில் துரு பிடிக்க நாட்கணக்கு வேண்டியதில்லை.

சாலையில் தண்ணீர் நிற்பதற்கு ஓட்டுநர் என்ன செய்வார், கால்வாயை அடைத்தவர்களைக் கேளுங்கள் என்று ஒரு நியாயமான கோபமும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டத் தெரிந்தவன் கடந்துவிடுவான் என்கிற நம்பிக்கைதான் அந்தக் கேள்வியை மழுங்கடிக்கிறது. மூழ்கும் தரைப்பாலத்தில் ஆழக் கம்பமும் தடுப்பும் இல்லாதது நிர்வாகத்தின் குறை என்று தோன்றாமல், கடக்காதவனின் குறை என்று தோன்றவைக்கிறது.

காசுக் கணக்கிலும் இந்த வேதவாக்கு உரிமையாளருக்கு எதிராகவே நிற்கிறது. முழுக் காப்பீட்டுப் பாலிசியில் வெள்ளம், புயல், நீர்சூழ்தல் எல்லாம் இழப்பீட்டுக்கு உரியவை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் எதுவும் இல்லை. ஆனால் அதே முழுப் பாலிசியில் பின்விளைவு இழப்பும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டிருக்கின்றன. பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டியதால் சேதம் பெருகினால் அது உரிமையாளரின் பொறுப்பு என்ற நிபந்தனையும் இருக்கிறது. நின்ற கார் மூழ்கியது வெள்ளச் சேதம். மூழ்கிய காரைக் கிளப்பி ராடை வளைத்தது பின்விளைவு என்றுதான் நிறுவனங்கள் வாதிடுகின்றன. இந்த வாதம் எல்லா வழக்கிலும் நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் சிக்கியவர் ஓட்டிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் புகுந்ததைப் பின்விளைவு என்பது வார்த்தை விளையாட்டு. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் விற்கப்படுவதே இந்த இடைவெளியைக் காசாக்கத்தான். ஆனால் அந்தக் கவரிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை உண்டு. சர்வேயர் வந்து பார்க்கும்போது, நின்ற பிறகு செல்ஃப் அடித்தீர்களா என்பது அவருடைய முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறைத் தடை. தீபத்துக்கு வந்த குடும்பம், இரவு நேரம், குழந்தைகளோடு ஊர் திரும்ப வேண்டும். ரெக்கவரி வண்டி ஒன்றுகூடக் கிடைக்காத கூட்டம். ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பதில் என்ன தப்பு? தண்ணீர் ஏறுகிறது என்றால் காரை விட்டு இறங்கி மேட்டுக்குப் போவதைத் தவிர வேறு பேச்சில்லை. தண்ணீர் நின்றுவிட்டது என்றால், காரை நியூட்ரலில் போட்டுக் கையால் ஓரம் தள்ளி, பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றி, தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனில் தகவல் பதிந்துவிட்டு, பஸ்ஸிலோ ரயிலிலோ ஊர் போய்ச் சேரலாம். இரண்டு நாள் கழித்து வண்டியைத் தூக்கிப்போட்டுக் கொண்டுபோகும் செலவு சில ஆயிரம். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் சக்கரம் தரையில் உருளாதபடி ஏற்ற வேண்டும், கொஞ்சம் கூடுதல். பிளாக் உடைந்த இன்ஜினுக்குச் செலவு லட்சக்கணக்கில்.